விளக்கெண்ணெய் இல்லாத வடகம்

பாண்டிச்சேரி உப்பளம் பகுதியில் வாடகைக்குப் பிடித்த ஹாலில் சிவசங்கரி மறுபடியும் ஒரு சிப்ஸை வாயில் போட்டாள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு ஆத்திரம்.

உலகமெல்லாம் உருளைக்கிழங்கு சிப்ஸ் விற்கும் அந்தக் கம்பெனி, ஊருக்கொரு ருசி என்று கிளம்பி, பாண்டிச்சேரிக்குத் தாளிப்பு வடகத்தைத் தேர்ந்தெடுத்திருந்தது. அவள் சொன்ன யோசனைதான். வெங்காயமும் பூண்டும் கடுகும் சேர்த்து இடித்து, விளக்கெண்ணெய் விட்டு உருட்டி, வெயிலில் காயவைக்கிற வடகம். மும்பையில் ருசி பார்த்தவர்கள் அந்த எண்ணெய் வாசனைக்கு முகம் சுளித்தார்களாம். எண்ணெய் போனது, வெண்ணெய் வந்தது. பாக்கெட்டில் ‘அசல் பாண்டிச்சேரி வடகம்’ மட்டும் அப்படியே நின்றது. அது அசல்தான் என்று ருசி ஆய்வாளரான அவள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வேலை நிரந்தரம்.

ருசி பார்க்க வந்திருந்த முத்தியால்பேட்டை ஜஹபர் நிஷா தட்டைக் காலி செய்துவிட்டாள்.

“நல்லாத்தாம்மா இருக்கு. இன்னும் கொஞ்சம் குடு.”

“வடகம் மாதிரி இருக்காக்கா?”

“வடகமா? இதுலியா?” ஜஹபர் நிஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “குளிச்சிப் பவுடர் போட்டுக்கினு வந்த வடகம் போல.”

மேலாளர் விக்ரம் சிரிக்கவில்லை. “அவங்களுக்குப் புடிச்சிருக்குல்ல? அப்புறம் என்ன மேடம்?”

அப்புறம் என்ன என்று அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டாள். கல்லூரி விடுதியில் அறைத்தோழிகள் மூக்கைப் பிடித்தபோது, அம்மா கொடுத்த வடகத்தை ஜன்னலுக்கு வெளியே வைத்தாள். அன்று வெளியேதான் வைத்தாள். இன்று அந்த வாசனை இருந்ததே இல்லை என்று சாட்சி சொல்லச் சொல்கிறார்கள்.

“தாராளமா வித்துக்குங்க விக்ரம். பேரை மட்டும் எடுத்துடுங்க. வெண்ணெய் வெங்காயம்னு போடுங்க.”

“பேருக்காகத்தான் வாங்குவாங்க.”

“அப்போ எண்ணெயத் திரும்பப் போடுங்க.”

“நீங்க கையெழுத்துப் போடலன்னா வேற ஆளு போடுவாங்க. உங்க வேலைதான்...”

“போடட்டும்.”

படிவத்தை இழுத்து, ருசிக்கு நல்ல மதிப்பெண்ணே கொடுத்தாள். ‘அசல் வடகமா?’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று பெரிதாக எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டாள். விக்ரம் வாங்கக் கை நீட்டவில்லை. அவளே அதை அவன் பையின் மேல் வைத்தாள்.

“அந்த வேற ஆளு வந்தா, முதல்ல இதப் படிக்கச் சொல்லுங்க.”