பள்ளம் விழாத நாள்

அந்த வீட்டில் மூன்று பேர். அதில் இருவருக்குச் சாலைதான் சோறு போட்டது. அத்தான் நகரப் பேருந்து ஓட்டுநர். அவர் மனைவியின் தங்கை சாலைப் பராமரிப்பு அலுவலகத்தில் பொறியாளர். வேலை கிடைத்த பிறகு அக்கா வீட்டிலேயே வந்து தங்கிவிட்டாள். இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் தட்டு காலியாவதற்குள் ஒரு சண்டை முடிந்திருக்கும். அக்கா யார் பக்கமும் சேரமாட்டாள். குழம்பை மட்டும் நடுவில் வைப்பாள்.

சண்டைக்குக் காரணம் சென்சார். சாலையில் கோடு போட்டதுபோல் வெட்டி, உள்ளங்கை அளவுக் கருவியைப் புதைத்து, மேலே தார் ஊற்றி மூடுவது தங்கையின் வேலை. வண்டி ஏறும்போது சாலை எவ்வளவு அமுங்குகிறது, அடியில் ஈரம் சேர்கிறதா என்றெல்லாம் அந்தக் கருவி அலுவலகத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆனால் புதைக்கிற அன்று போக்குவரத்து ஸ்தம்பித்துப் போகும். பேருந்தில் இருப்பவர்கள் அத்தானைத்தான் ஏசுவார்கள்.

"நல்லா இருக்கிற ரோட்டுக்கு எதுக்கும்மா ஊசி போடுறீங்க? குழி விழுந்தா எங்களுக்குக் கண்ணு தெரியாதா?" என்பார்.

"விழுந்த பிறகு எல்லாருக்கும்தான் தெரியும் அத்தான்," என்பாள் அவள்.

மழை ஓய்ந்திருந்த ஒரு காலை. மருத்துவமனைத் திருப்பத்தில் இருந்த ஒரு சென்சார் மட்டும் வழக்கத்துக்கு மாறாகக் காட்டியது. கனமான வண்டி ஏறும்போதெல்லாம் சாலை கொஞ்சம் கூடுதலாக அமுங்கியது. அக்கம்பக்கத்துக் கருவிகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அலுவலகத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சென்ற ஆண்டு இப்படித்தான் ஒரு கருவி கத்தியது. சாலையைத் தோண்டிப் பார்த்தால் ஒயர் கழன்றிருந்தது. செய்தித்தாளில் கேலிப் படம் போடும் அளவுக்கு மானம் போனது.

அவள் நேரில் போய்ப் பார்த்தாள். சாலை புதுத் துணிபோல் கிடந்தது. ஒரு கீறல் இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பேருந்து கடந்து போனது. சென்சாரின் அளவைக் காட்டும் கைக்கருவியில் கோடு மேலே எகிறியது, முன்பைவிட அதிகமாக. உடனே பிரிவு அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்தாள்.

அவர் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "அடியில ஏதோ இருக்குன்னு உறுதியா சொல்ல முடியுமா?" என்றார்.

"முடியாது சார். ஆனா உறுதியா தெரியட்டும்னு காத்திருந்தா, பஸ்ஸே உள்ள போய்த்தான் தெரியும்."

"ரோட்ட அடைச்சிடுங்க," என்றார் அவர். "யாராவது திட்டினா நான் சொல்லித்தான் செஞ்சதா சொல்லுங்க. உங்க தலையில போட்டுக்காதீங்க."

தடுப்பு வைத்து முடித்த கையோடு வந்து நின்ற முதல் பேருந்தில் அத்தான் இருந்தார். நிற்க இடமில்லாத கூட்டம். அவர் இறங்கி வந்து, வழுவழுவென்று கிடந்த சாலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"உன் மெஷினுக்குச் சளி பிடிச்சா என் வண்டிய நிறுத்துவியா?"

"திருப்பி எடுத்துட்டுப் போங்க அத்தான். திட்டுறத வீட்டுல வந்து திட்டுங்க."

பின்னாலிருந்து ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். சந்து மாதிரியான தெருவில் அவ்வளவு பெரிய வண்டியைப் பின்னுக்கு எடுத்துத் திருப்புவதற்குள் அத்தானின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுற்றுப் பாதையில் போனார்.

துளை போடும் ஆட்கள் வந்தார்கள். இயந்திரம் தாரைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் இறங்கியது. சட்டென்று பிடி விட்டதுபோல் மொத்தமாக உள்ளே போய், கைப்பிடி சாலையில் மோதி நின்றது. மேஸ்திரி இயந்திரத்தை விட்டுவிட்டு எல்லோரையும் பின்னால் போகச் சொன்னார். ஓரத்திலிருந்து கவனமாகத் திறந்து விளக்கு அடித்துப் பார்த்தபோது உள்ளே ஓர் அறையே இருந்தது. குடிநீர்க் குழாயின் இணைப்பு ஒன்று கசிந்து, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து மழைநீர் வாய்க்காலுக்குள் தள்ளியிருக்கிறது. மேலே சாலை தோல்போல, எதன்மீதும் சாயாமல் நின்றிருந்தது.

அவள் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். பிரிவு அதிகாரி வந்து பள்ளத்தை எட்டிப் பார்த்தார். பக்கத்துக் கடையில் இரண்டு தேநீர் வாங்கி வந்து ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டு அவரும் அந்த விளிம்பிலேயே உட்கார்ந்தார்.

"நீங்க நம்பினதுக்கு நன்றி சார்," என்றாள்.

"நம்பினேன்னு யாரு சொன்னது? பயந்தேன்," என்றார் அவர். இருவருக்கும் சிரிப்பு வந்தது.

பணி முடிந்து சீருடையோடு அத்தான் அங்கே வந்தார் என்று மேஸ்திரிதான் பிறகு சொன்னார். குப்புறப் படுத்து உள்ளே பார்த்தாராம். "இன்னைக்குக் காலையில என் வண்டி இதுமேல எத்தனை முறை..." என்று ஆரம்பித்துவிட்டு, முடிக்காமல் எழுந்து போனாராம்.

மாலையில் வீட்டில் அவர் தட்டின் முன் உட்கார்ந்திருந்தார். சோறு அப்படியே இருந்தது. அக்கா கண்ணாலேயே தங்கையிடம் என்னவென்று கேட்டாள். அத்தான் தானாகவே பேசினார்.

"காலையில என் வண்டியில, முன் சீட்டுல நர்சம்மா. அவங்க பக்கத்துல, சிறுநீரகக் கோளாறுக்கு மெஷின்ல ரத்தம் சுத்தம் பண்ணிக்கப் போற பெரியவர், துணைக்கு அவர் மருமக. நடுவுல கண்ணு தெரியாத ஒரு தம்பி, கம்பியப் பிடிச்சுக்கிட்டு. கடைசி சீட்டு முழுக்க துணிக்கடைப் பொண்ணுங்க, சிரிச்சுக்கிட்டே வருவாங்க." நிறுத்தித் தண்ணீர் குடித்தார். "அத்தனை பேரும் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துட்டாங்க. வழியெல்லாம் என்னைத் திட்டிக்கிட்டே. அப்படி ஒரு திட்டு இனிமே கிடைக்குமா சொல்லு."

அவர் எழுந்து, அவள் தலையில் ஒரு தரம் கை வைத்துவிட்டு உட்கார்ந்தார். "சாப்பிடும்மா. ஆறிடுச்சு," என்றார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு குழம்பைச் சூடாக்கப் போனாள்.

குழாயை மாற்றி, மண் நிரப்பி இறுக்கி, சாலை போட்டு முடிக்கும்வரை சுற்றுப் பாதைதான். வண்டியில் யாராவது சாலை அலுவலகத்தை வாய்க்கு வந்தபடி பேசினால் அத்தான் அடுத்த நிறுத்தத்தில் திரும்பி நின்று, அந்தப் பள்ளம் எவ்வளவு பெரியது என்று கைகளை விரித்துக் காட்டுவார். நாளுக்கு நாள் பள்ளம் பெரிதாகிக்கொண்டே போனது என்று நர்சம்மா கேலி செய்தாள்.

சாலை திறந்த காலையில் தங்கை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தானின் பேருந்து அவள் முன்னால் நின்று கதவு திறந்தது. ஏறினாள். அத்தானிடம் கதை கேட்டிருந்த ஒரு பெண்மணி பையை மடியில் எடுத்துவைத்து இடம் கொடுத்து, இனிமேல் பயமில்லையே என்று கேட்டாள். பொய் சொல்லத் தங்கைக்கு மனம் வரவில்லை.

"பார்த்துக்கிட்டே இருக்கோம்மா," என்றாள்.

பெண்மணிக்கு அது போதுமாக இருந்தது. பேருந்து மெல்லத் திருப்பத்தில் ஏறியது.