ஒரு முடிச்சுக்கு ஒரு செல்

பொட்டலம் கட்டும் கூடத்தில் எட்டு வருடமாக நின்றே வேலை பார்த்தவள் அவள். கால் வீங்கியதுதான் மிச்சம். அங்கே கடிகாரம், கால்குலேட்டர், மணி, தராசு என்று எதை எடுத்தாலும் செல் தீர்ந்து பல்லிளிக்கும். பொறுத்துப் பார்த்தவள், ஒரு பழைய ஸ்கூட்டர் பேட்டரியைப் பெட்டிக்குள் வைத்து, நான்கு சோடி ஒயர் இழுத்து, எல்லாவற்றையும் அது ஒன்றிலேயே ஓட வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் வேண்டிய மின்சாரம் வேறு வேறு; கையில் இருந்ததோ ஒரே மாதிரி ஒயர். அடையாளத்துக்கு முடிச்சு போட்டாள். ஒரு முடிச்சு என்றால் ஒரு செல்லின் பலம். கடிகாரத்துக்கு ஒன்று, கால்குலேட்டருக்கு இரண்டு, மணிக்கு நான்கு, தராசுக்கு ஆறு.

பார்த்ததும் அத்தானுக்கு வாயெல்லாம் பல். அக்காவின் கணவர், கூடத்துக்கு மேஸ்திரி. நேரே முதலாளியம்மாவிடம் போய், தானே செய்ததாக அளந்துவிட்டார். "வெள்ளிக்கிழமை ஓட்டிக் காட்டுங்க. பழுது பார்க்கிற அறை உங்களுக்குத்தான்" என்றுவிட்டார் அந்தம்மா.

அந்த அறை! அங்கே உட்கார நாற்காலி உண்டு. அந்த அறைக்காகத்தான் அவள் பெட்டியையே செய்தாள். பாவி மனுஷன் கூசாமல் தட்டிப் பறித்துவிட்டாரே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை அத்தான் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதோடு நிறுத்தினாரா? ஒயர்களை மடியில் போட்டு, நகத்தால் நெம்பி, ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார்.

"என்ன இது, அசிங்கமா முடிச்சு முடிச்சா? இப்ப பாரு, எவ்வளவு நீட்டா இருக்கு!"

முடிச்சுக் கணக்கு அவள் வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"உங்க பெட்டி அத்தான். உங்க இஷ்டம்."

அவர் அதைப் பாராட்டு என்று நினைத்துச் சிரித்தார்.

பத்து மணிக்கு முதலாளியம்மா வந்தார், கூடமே சுற்றி நின்றது. அத்தான் கையில் அகப்பட்டதை அகப்பட்டதில் மாட்டி, பொத்தானை அழுத்தினார். தராசு கண்ணே திறக்கவில்லை. மணி ஈனமாக முனகியது. கடிகாரத்தின் முள் துடித்து நின்றது. கால்குலேட்டரிலிருந்து புகை கிளம்பியது.

"என்னய்யா பண்ணி வெச்சிருக்கே?" என்று முதலாளியம்மா கத்தினார்.

அத்தான் பேய் முழி முழித்தார். அப்புறம் விரல் அவள் பக்கம் நீண்டது. "நான் இல்லம்மா! சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது. பெட்டிய செஞ்சது என் மச்சினி! எல்லாம் இவ வேலைதான்!"

ஊரறிய அவர் வாயாலேயே வந்துவிட்டது. அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

"ஆமாம்மா, செஞ்சது நான்தான். முடிச்சை அவுத்தது மட்டும் அத்தான்."

மின்சாரம் அளக்கும் மீட்டரை எடுத்து ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தாள். தராசின் ஒயரைக் கண்டுபிடித்து அதன் நுனியை நீட்டினாள்.

"அத்தான், இதைக் கொஞ்சம் பிடிங்க."

பிடிக்காமல் என்ன செய்வார்? அத்தனை பேர் பார்க்க நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் பழுது பார்க்கும் அறையிலிருந்து நாற்காலியை இழுத்து வந்து, அதில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, ஆறு முடிச்சையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே நிதானமாகப் போட்டாள்.