உறைக்காரர் வீடு சாய்ந்த வருடம்

மழைக்காலம் முடிந்த வாரத்தில் உறைக்காரர் வீடு தெருப்பக்கமாகச் சாய்ந்தது. செங்கல் விரியவில்லை, ஓடு நழுவவில்லை. கொத்தனார் டேப் வைத்து அளந்து பார்த்தார். எந்தச் சுவரும் நீளவுமில்லை, குறையவுமில்லை, மூலைகள்தான் சரிந்திருந்தன. ஜன்னல், விரலால் அமுக்கிய காலித் தீப்பெட்டி மாதிரி நின்றது. தச்சர் வந்து கதவைக் கோணலாக இழைத்துக் கொடுத்தார். வீட்டுச் சொந்தக்காரர் சுற்றிப் பார்த்துவிட்டு, இடியாதவரை தனக்கு ஆட்சேபணை இல்லை என்று போய்விட்டார்.

உறைக்காரர் வேலை பார்த்தது செயற்கைக் கால் செய்யும் பட்டறையில். கார்பன் நூலைக் குறுக்கும் மறுக்குமாகப் பின்னிய உறை, நீளமான காலுறை மாதிரி, சுருளாக வரும். வெட்டுப்பட்ட காலின் பிளாஸ்டர் அச்சில் அதை மாட்டி, பிசின் ஊற்றிக் காயவைத்தால் கல் மாதிரிக் கெட்டியான கிண்ணம் கிடைக்கும். மிச்சக் கால் அதற்குள்தான் நுழையும். அந்தப் பின்னலில் ஒரு நூலும் நீளாது. இழுத்தால் நூல்கள் ஒரே பக்கம் சாய்ந்து உறை ஒல்லியாகும், தள்ளினால் விலகிக் குண்டாகும். சாய இடமில்லாமல் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் மடிப்பு விழும்.

அந்த வருடம் அவர் செய்துகொண்டிருந்தது மச்சினியின் கால். மச்சினி பஸ் கண்டக்டர். ஒரு விபத்தில் முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போய்விட்டது. கோடை வரைக்கும் அவள் இடத்தை வைத்திருப்பதாக டிப்போவில் சொல்லியிருந்தார்கள், அதற்குள் ஓடுகிற பஸ்ஸில் நின்று காட்ட வேண்டும். உட்கார்ந்து பார்க்கிற வேலை தருகிறோம் என்றதற்கு, நாலு பேரைத் திட்டாமல் தனக்குச் சாப்பாடு இறங்காது என்று சொல்லிவிட்டாள். ஆனால் உறைக்காரர் செய்த ஒவ்வொரு கிண்ணத்திலும் முழங்காலுக்குப் பின்னால் ஒரு மடிப்பு விழுந்தது. அது தோலைத் தின்றது.

“மாமா, நீங்க கால் செய்றீங்களா, எலிப்பொறி செய்றீங்களா?” என்றாள் அவள், புண்ணுக்கு மருந்து தடவிக்கொண்டே.

பட்டறை வழக்கம் என்னவென்றால், உறையின் அடியை முதலில் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிறகு மேலே இழுப்பது. அப்போதுதான் பிசின் ஒழுகாது. மடிப்பு விழுந்தால் இன்னும் இழு என்பதுதான் அங்கே தெரிந்த வைத்தியம். உறைக்காரர் மச்சினிக்காக யாரும் இழுக்காத இழுப்பு இழுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் வீடு கொஞ்சம் சாய்ந்தது. இதை முதலில் கண்டுபிடித்தது மனைவி; அவர் லீவு போட்ட நாட்களில் அலமாரிப் பாத்திரங்கள் நகரவில்லை. கோடை நெருங்கியபோது ஒரு நாள் வீடு சாய்வதை நிறுத்தியது. அன்று மத்தியானம் சமையலறைச் சுவரில், முழங்கால் உயரத்தில், இஸ்திரி போடாத சட்டை மாதிரி ஒரு மடிப்பு எழுந்தது. மனைவி அதைத் தடவிப் பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டுக் கரண்டியோடு பட்டறைக்குப் போனாள்.

“ஏங்க, வீடு இதுக்கு மேல சாயாது. முட்டிக்கிச்சு. இழுக்கறத விட்டுட்டுத் தள்ளிப் பாருங்க.”

“அடியில கட்டியிருக்கே, எங்க தள்றது?”

“அப்ப அவுருங்க.”

பிசின் ஒழுகினால் யார் பொறுப்பு என்று மேற்பார்வையாளர் கேட்டார். உறைக்காரர் கயிற்றை அவிழ்த்தார். இரண்டு கையாலும் உறையைக் கீழிருந்து மேலே தள்ள, நூல்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்டு விலகி, முழங்காலின் குழிவில் தண்ணீர் மாதிரிப் படிந்தன. அதற்கப்புறம்தான் கட்டினார். வீட்டில் சுவர் மடிப்பு மறைந்தது. வீடு நிமிர்ந்து, வந்த வேகத்தில் கொஞ்சம் எதிர்ப்பக்கமும் போய்த் திரும்பியது. கோணல் கதவு மூடாததால் தச்சருக்கு மறுபடியும் ஆள் போனது.

மச்சினி கோடைக்கு முன்பே பஸ் ஏறினாள். வளைவில் கம்பியைப் பிடிக்காமல் நின்று, படியில் தொங்கியவர்களை உள்ளே வரச் சொல்லித் திட்டினாள். கூட வந்த டிப்போ அதிகாரிக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்தது. அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, நாளைக்கே வேலைக்கு வரச் சொன்னார்.

பட்டறையில் எல்லோரும் தள்ளிவிட்டுக் கட்டப் பழகினார்கள். வீடு மட்டும் அதன் பிறகு ஒரு நிலையில் நிற்கவில்லை. பெரியவர்களுக்குக் கால் செய்தால் தெருப்பக்கம், குழந்தைக்குச் செய்தால் தோட்டத்துப் பக்கம். மனைவி பாத்திரங்களைக் கொக்கியில் தொங்கவிட்டாள். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் அந்த வீடு லேசாகச் சாய்ந்து நிமிர்வதைப் பார்ப்பார்கள். யாரோ நடக்கப்போகிறார்கள் என்று பக்கத்தில் வருபவரிடம் சொல்லிவிட்டு, தாங்களும் கொஞ்சம் எட்டிக் கால் வைத்து நடப்பார்கள்.