நான்கு நாள் மரத்தூள்

இரண்டாவது முறம் மரத்தூளைச் சாக்கில் கொட்டும்போது கூண்டுக்குள்ளிருந்து கண்டக்டர் விசிலடித்தது. மருமகள் அப்படியே நின்றாள். கூண்டுக்கு ஓரடி தள்ளி, கட்டிலில், மாமனார் சுவர்ப்பக்கம் முகம் திருப்பிக் கிடந்தார். அடுத்த அறையில் கணவன் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அடங்கியது.

"சும்மா இரு. உன்னக் கும்புடுறேன், சும்மா இரு," என்றாள் கினிப்பன்றியிடம்.

ஜன்னல் விளிம்பில் காபி ஆறிக்கொண்டிருந்தது. அதைக் கொடுக்க வந்துதான் அவரைத் தொட்டாள். தோள் சில்லென்றிருந்தது. மூக்கருகே விரலை வைத்தாள். கழுத்தில் வைத்தாள். மூச்சுக்கு உறிஞ்சும் மருந்துக் குப்பி அவர் விரல்களுக்கு எட்டாமல் தலையணையின் மறுபக்கம் கிடந்தது. கத்தத்தான் வாயைத் திறந்தாள். அப்போது கூண்டில் விரித்திருந்த மரத்தூள் கண்ணில் பட்டது. கால்கள் முறத்தைத் தேடிப் போயின.

மாமனார் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். வீடு மாறிப் போனவர்கள் விட்டுச்சென்ற இரண்டு கினிப்பன்றிகளையும் அவர்தான் உள்ளே கொண்டுவந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் விசிலடிப்பது கண்டக்டர். எதைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டு நம்பாமல் வாங்குவது செக்கர். "நான் ஓட்டுன வண்டியிலயே இவ்ளோ ஒழுங்கா ரெண்டு பேரும் ஏறுனதில்ல," என்பார்.

கூண்டில் எதை விரிப்பது என்று அவர் ஒரு மாதம் ஆராய்ச்சி செய்தார். செய்தித்தாள் நனைந்து கூழானது. வைக்கோல் ஈரத்தை உறிஞ்சவில்லை. மரத்தூள் கூடவே கூடாது என்றார். "மூஞ்சிய தரைக்கு ரெண்டு அங்குலத்துல வச்சிக்கிட்டு நடக்குற ஜீவன்மா. தூளப் போட்டா நேரா நெஞ்சுக்குத்தான் போகும்." கடைசியில் அடியில் பழைய துண்டு, மேலே மெத்தென்ற கம்பளித் துணி என்று முடிவானது. இரண்டு நாளைக்கு ஒருமுறை உதறி, ஒட்டிய முடியைச் சுரண்டி, துவைத்துக் காயப்போட வேண்டும். அவருக்கு முட்டி மடங்காமல் போனபின் அந்த வேலை அவள் தலையில் விழுந்தது.

அவள் ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் இருந்தாள். நாளுக்கு இருநூறு படுக்கை விரிப்புகள். வீட்டுக்கு வந்தால் இன்னும் ஒரு விரிப்பு, அதுவும் புழுக்கையோடு. நான்கு நாளைக்கு முன் ஹோட்டலுக்குப் பின்னாலிருந்த தச்சுப் பட்டறையில் ஒரு சாக்கு மரத்தூள் கேட்டு வாங்கிவந்தாள். மாமனார் சண்டை போடவில்லை. ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார், முகர்ந்தார். "வாசனை நல்லாத்தான் இருக்கு. நீயும் எவ்ளோதான் துவைப்ப," என்றார்.

மறுநாள் அவருக்கு இருமல் தொடங்கியது. பனி என்று சொன்னாள். தனக்கும் அதையே சொல்லிக்கொண்டாள்.

இப்போது கூண்டைப் பால்கனிக்கு இழுத்துப்போனாள். சாக்கைத் துணி உலர்த்தும் கம்பிக்குப் பின்னால் தள்ளினாள். ஈரத் துணியால் தரையைத் துடைத்தாள், கட்டிலின் காலைத் துடைத்தாள். அவர் கன்னத்தில் பொடி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தபோதுதான் தான் செய்வது என்னவென்று உறைத்தது.

"என்னங்க," என்று கூப்பிட்டாள். "என்னங்க, கொஞ்சம் வாங்க."

கணவன் வந்தான். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தான். பிறகு டாக்டருக்கும் அக்காவுக்கும் போன் செய்தான். பேசி முடித்துத் திரும்பியவன் பார்வை ஜன்னலுக்குக் கீழே, ஈரம் காயாத தரையில் நின்றது.

"கூண்டு எங்க?"

"வர்றவங்க நிக்க இடம் வேணுமே. பால்கனில வச்சேன்."

"எப்ப வச்ச?"

அழைப்பு மணி அடித்தது. தெருமுனை கிளினிக்கின் டாக்டர் அம்மா. அவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார், கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். "ரெண்டு மணி, மூணு மணிக்கே போயிருப்பார். ராத்திரி இருமல் இருந்துதா?"

"மூணு நாளா இருந்துது," என்றான் கணவன்.

மருமகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த கேள்வி எதுவென்று அவளுக்குத் தெரியும். போன தடவை வந்திருந்த அண்ணி, கணவனின் அக்கா, கிளம்பும்போது சொன்னது காதில் இருந்தது: 'அப்பா ரூம்ல தூசி மட்டும் சேராம பாத்துக்கோ. வேற ஒண்ணும் வேணாம்.'

டாக்டர் போர்வையை விலக்கிக் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழுந்தது. அப்படியே நின்றது.

"எத்தன நாளா இந்த வீக்கம்?"

கணவன் அந்தக் குழியையே பார்த்தான். "செருப்பு கடிக்குதுன்னாரு. பத்து நாள் இருக்கும். புதுசு வாங்கித் தரேன்னேன்." சற்று நின்று, "வாங்கல," என்றான்.

"இதயம்தான். நெஞ்சுல நீர் கோத்திருக்கும். இருமலும் அதனால வரும்," என்று டாக்டர் எழுதத் தொடங்கினார்.

தப்பித்தாயிற்று. அப்படித்தான் அவளுக்கு முதலில் தோன்றியது. ஆனாலும் டாக்டர் படியிறங்கும்போது பின்னாலேயே போனாள்.

"டாக்டர், ரூம்ல மரத்தூள் இருந்துது. கூண்டுல. நாலு நாளா. நான்தான் போட்டேன்."

டாக்டர் நின்றார். "மூச்சுத் தொந்தரவு உள்ளவரு ரூம்லயா?"

"ஆமா."

"கஷ்டத்தக் கூட்டியிருக்கும். அதனாலதான் போனார்னு என்னால சொல்ல முடியாதும்மா." பையைத் தோளில் மாற்றிக்கொண்டார். "இல்லைன்னும் சொல்ல முடியாது."

அவள் திரும்பினாள். மேற்படியில் கணவன் நின்றிருந்தான், டாக்டர் மறந்துவிட்டுப்போன பேனாவோடு. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவன் இறங்கி வந்து, அவளைத் தாண்டிப்போய்ப் பேனாவைக் கொடுத்துவிட்டு, அவளைத் தாண்டியே மேலே ஏறினான்.

அவள் பால்கனிக்குப் போனபோது அவன் கூண்டின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். வெறும் பிளாஸ்டிக் தட்டில் கால் நிற்காமல் இரண்டும் வழுக்கி, மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஒடுங்கியிருந்தன. கண்டக்டர் தும்மியது. மறுபடி தும்மியது.

"கீழ ஒண்ணுமே இல்லியே அதுங்களுக்கு," என்றான்.

அவன் திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. அவன் தன் சட்டையைக் கழற்றி, மடித்து, தட்டில் விரித்தான். செக்கர் அதை முகர்ந்துகொண்டே நின்றது.

கீழே கார்க் கதவு அறைந்து மூடும் சத்தம். அண்ணி பின்னாத தலையோடு இறங்கி, மேலே பால்கனியை அண்ணாந்து பார்த்தாள். பார்த்துவிட்டு ஓடிவந்தாள். முதல் மாடி. இரண்டாவது மாடி. செருப்புச் சத்தம் நெருங்க நெருங்க மருமகள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். விரல் நுனி வெளுத்துப்போயிற்று.

கணவன் எழுந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையை நீட்டி, அவள் காதோர முடியில் சிக்கியிருந்த ஒரு மரச்சுருளை மெல்ல உருவி எடுத்தான். அதை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டு, பனியனோடு கதவைத் திறக்கப் போனான்.