ஹார்ட் டிஸ்கின் அடியில் ஒரு டேப்

வலது தோள் எரிந்தது. காலையிலிருந்து இரும்புக் குழாய்களைக் கைமாற்றி மேல் தளத்துக்கு ஏற்றியதில், சாயங்காலம் சட்டையைக் கழற்றக்கூட அந்தக் கை தலைக்கு மேல் போகவில்லை. சாரம் கட்டுகிறவனுக்குத் தோள்தான் சோறு. அது மக்கர் செய்தால் அடுப்பும் மக்கர் செய்யும். இடது கையாலேயே சட்டையை உருவிப் போட்டுவிட்டுச் சமையலறை மேஜை முன்னால் உட்கார்ந்தான்.

மனைவி ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் இருந்தது அவள் தங்கை. வீட்டில் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். வெந்நீரில் நனைத்த துண்டைப் பிழிந்து அவன் தோளில் போட்டுவிட்டு, தட்டை முன்னால் நகர்த்தினாள். பிறகு மேஜையைப் பார்த்தாள்.

"ஹார்ட் டிஸ்க் இங்கதானே வெச்சிருந்தேன். எங்க மாமா?"

கடையில் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். வேலை முடிந்து வருகிற வழியில்தான் கடை. கெட்டுப்போனதை வாரண்டி முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துப் புதிது வாங்க வேண்டும் என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தபோது எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். ஒரு வேலையாவது குறையட்டும் என்று நினைத்துச் செய்ததுதான். ரசீதை எடுத்து நீட்டினான்.

சின்னவள் ரசீதை வாங்கவில்லை.

"இன்னொரு தடவை அழிச்சுப் பார்த்துட்டுக் குடுக்கலாம்னு இருந்தேன்."

ஏற்கெனவே இரண்டு தடவை முயன்றிருந்தாள். கம்ப்யூட்டரில் மாட்டினால் டிக் டிக்கென்று சத்தம் போடும், கொஞ்ச நேரத்தில் படுத்துவிடும். அழிக்கக்கூட விடாது. கெட்டுப்போனது பெரும்பாலும் போர்டாகத்தான் இருக்கும், உள்ளே தட்டில் பதிந்தது அப்படியே இருக்கும், கம்பெனிக்காரன் போர்டை மாற்றினால் எல்லாம் திரும்ப உயிர் பெற்று வரும் என்று ஒருநாள் அவனுக்கு விளக்கியிருக்கிறாள். சரிசெய்த டிஸ்க்கைக் குறைந்த விலைக்கு வேறு யாருக்காவது விற்றுவிடுவார்களாம்.

தன்னைத்தானே தேற்றிக்கொள்வது போல அவளே சொன்னாள்: "பரவாயில்ல விடுங்க. பூட்டுப் போட்டுத்தானே வெச்சிருக்கேன். என் பாஸ்வேர்ட் இல்லாம எந்தக் கொம்பன் வந்தாலும் திறக்க முடியாது."

அவன் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான்.

அந்த டிஸ்க்கில் அவனுடைய வேலை அட்டை, வீட்டு ஒப்பந்தம், மனைவியின் சம்பளச் சீட்டு எல்லாவற்றின் நகலும் இருந்தன. அவள் வீட்டில் இல்லாத நேரத்தில் தேவைப்பட்டால் திறந்துகொள்ளட்டும் என்று பாஸ்வேர்டை அவனிடம் சொல்லி வைத்திருந்தாள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நம்பர், ஆச்சரியக்குறி என்று ரயில் பெட்டி மாதிரி நீளம். அவனுக்கு அதெல்லாம் மண்டையில் நிற்காது. சாரத்தில் ஏறுகிறவர்கள் எதையும் மண்டையில் வைத்துக்கொள்வதில்லை. ஹெல்மெட்டுக்குள் ரத்த வகையும் பெண்டாட்டி நம்பரும் வெள்ளை டேப்பில் எழுதி ஒட்டியிருக்கும். பெல்ட்டில் பெயர், ஸ்பேனரில் பெயர், சாப்பாட்டு டப்பாவின் மூடியிலும் பெயர். பூட்டு வாங்கினால் அதன் நம்பரைப் பூட்டின் முதுகிலேயே எழுதி வைக்கிற ஆட்கள் அவர்கள். மேலே இருந்து ஒருவன் விழுந்தால், கீழே இருக்கிறவன் யாரையும் எதையும் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. அப்படிப் பழகிய கை. ஹார்ட் டிஸ்கின் அடிப்பக்கத்தில் வெள்ளை டேப்பை ஒட்டி, மார்க்கரில் கொட்டை எழுத்தில் பாஸ்வேர்டை எழுதி வைத்திருந்தான். அவள் ஒருநாளும் அதைக் கவிழ்த்துப் பார்த்ததில்லை. அந்த டேப்போடுதான் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

அவன் சீட்டுகள் போனால் போகட்டும். யாருக்கு வேண்டும் ஒரு சாரக்காரனின் சம்பளக் கணக்கு. அதில் சின்னவளின் படங்கள் இருந்தன. புருஷன் வீட்டை விட்டு வந்த அன்று குளியலறை விளக்கின் கீழே அவள் அக்கா எடுத்தவை. கன்றிப்போன முதுகு, கழுத்து, கைச்சதை. பிறகு வக்கீல் அவற்றைக் கேட்டு வாங்கியிருந்தார். அவரிடம் ஒரு பிரதி பத்திரமாக இருக்கிறது, வழக்குக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சட்டையில்லாமல் நின்ற ஒரு பெண்ணின் முதுகு முன்பின் தெரியாதவன் ஒருவன் கையில் கிடைத்தால், அது எந்தெந்தப் போனில் சுற்றி யார் கண்ணில் போய் விழும் என்று யார் சொல்வது? அந்தப் போல்டரை அவன் ஒருநாளும் திறந்ததில்லை. இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

தோள்வலி என்று சொல்லி எழுந்துவிட்டான்.

காலையில் மேஸ்திரிக்குப் போன் செய்து தாமதமாக வருவதாகச் சொன்னான். "ஏம்பா, மாப்பிள்ளை அழைப்பா?" என்று அவர் நக்கலடித்தார். போனை வைத்துவிட்டுக் கடை திறப்பதற்கு முன்பே வாசலில் போய் நின்றான்.

கவுண்டரில் நேற்று டிஸ்க்கை வாங்கிவைத்த அதே பெண். நேற்றுக் கொடுத்ததின் அடியில் ஒரு டேப் ஒட்டியிருக்கிறது, அதை மட்டும் பிய்த்துக்கொள்ள வேண்டும் என்றான். அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். பார்கோடு ஒட்டிக் கட்டியாகிவிட்டது, இனி அது கம்பெனிப் பொருள், தான் தொட முடியாது என்றாள். கெட்ட பெண்ணில்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"உள்ள ஏதாவது முக்கியமானது இருக்கா சார்? பாஸ்வேர்ட் போட்டிருந்தீங்கன்னா பயமே வேண்டாம். யாராலயும் திறக்க முடியாது."

போட்டிருக்கிறேன் அம்மா, அதைத்தான் அடியில் எழுதியும் வைத்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அவளே எடுத்துப் பார்க்க மாட்டாள் என்று என்ன நிச்சயம்? தலையாட்டிவிட்டு நின்றான். நகரவில்லை. பின்னால் வரிசை சேர்ந்தது. கடைசியில் அவள், திரும்பி வந்த சாமானெல்லாம் பின்வாசலில்தான் இருக்கும், லாரி இன்னும் வரவில்லை என்றாள். அவனிடம் சொல்கிற மாதிரி இல்லாமல், கம்ப்யூட்டரிடம் சொல்கிற மாதிரி.

பின்வாசலில் ஒருவர் தனியாக ஃப்ரிட்ஜ் பெட்டி ஒன்றை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். வயிற்றைச் சுற்றி அகலமான பெல்ட். குடலிறக்கம் வந்த சுமைக்காரர்கள் கட்டுகிற பெல்ட். சாரக்காரன் ஒன்றும் கேட்காமல் மறுபக்கம் தோள் கொடுத்தான். வலது தோள். கண்ணில் பூச்சி பறந்தது. பெட்டி உள்ளே போய் நின்றது.

"யாருப்பா நீ? புது ஆளா?"

இல்லை அண்ணே என்று விஷயத்தைச் சொன்னான். பெட்டியை இறக்கிவிட்டதாலோ என்னவோ, வார்த்தை சுலபமாக வந்தது. பாஸ்வேர்டை எழுதி ஒட்டியதையும் சொன்னான். பின்வாசல்காரர் சிரித்தார். தன் சைக்கிள் பூட்டின் நம்பரும் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது என்றார்.

"அப்படி என்ன இருக்கு அதுல?"

"எங்க வீட்டுப் பொண்ணு ஒருத்தியோட விஷயம்ணே."

அவர் சிரிப்பு நின்றது. அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூலையில் ஒரு பிளாஸ்டிக் கூடை. லாரி வந்த பிறகுதான் அதற்குச் சீல் போடுவாராம். ரசீது நம்பரைக் கேட்டுத் துழாவி ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

"சாமானைத் தர முடியாது தம்பி. ஒண்ணு குறைஞ்சா என் சோத்துல மண்ணு. டேப்புக்குக் கணக்கு இல்ல. பிச்சுக்க."

பொட்டலத்தின் வாயை அவரே பிரித்து அவன் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு வெளியே தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவன் டிஸ்க்கைக் கவிழ்த்தான். டேப் அப்படியே இருந்தது, அவனுடைய கொட்டை எழுத்தோடு. நகத்தால் கிளறி ஒரே இழுப்பில் பிய்த்தான். "ஆச்சுண்ணே" என்று சொல்லும்வரை அவர் திரும்பவே இல்லை.

அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டான். காசு வேண்டாம் என்றார். கூட வேலை செய்கிறவன் இடுப்பு பிடித்துப் படுத்திருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை இரண்டு லாரிச் சரக்கு வருகிறது, தனியாளாக இறக்க முடியாது என்றார். வருவதாகச் சொன்னான்.

சாயங்காலம் அந்த டேப்பைக் கொண்டுபோய்ச் சின்னவள் முன்னால் மேஜையில் வைத்தான். சொல்லாமலே விட்டிருக்கலாம். வேலை முடிந்துவிட்டது, யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் பூட்டு அவளுடையது. அது ஓர் இரவு முழுக்கத் திறந்து கிடந்தது அவளுக்குத் தெரிய வேண்டும்.

அவள் டேப்பை எடுத்துப் பார்த்தாள்.

"நான் பூட்டுப் போட்டு வெச்சேன். நீங்க சாவிய அதுலயே கட்டித் தொங்கவிட்டிருக்கீங்க."

"தப்புதான்மா."

"யாரெல்லாம் பார்த்திருப்பாங்க?"

கவுண்டர் பெண் பார்த்தாளா என்று தெரியாது என்றான். பொய் சொல்ல வாய் வரவில்லை. பொட்டலத்தில் போட்டபோது பார்த்திருக்கலாம், பார்க்காமலும் இருந்திருக்கலாம். பின்வாசல்காரர் பார்க்கவில்லை. அவர் திரும்பி நின்றுகொண்டதைச் சொன்னான். தன் குரல் கேட்கும்வரை திரும்பாததையும் சொன்னான்.

சின்னவள் அந்த இடத்தை மறுபடி சொல்லச் சொன்னாள். அவன் சொன்னான். அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அடுப்பைப் பற்றவைத்து, டேப்பை நெருப்பில் காட்டினாள். அது சுருண்டு நாற்றமடித்தது. ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

"புதுசு வந்தா பாஸ்வேர்ட் உங்களுக்குக் கிடையாது மாமா. என்ன வேணுமோ கேளுங்க, நான் எடுத்துத் தர்றேன்."

"எனக்கு வேணவே வேணாம்மா."

"அந்த அண்ணனுக்குச் சொன்ன மாதிரி போயிடுங்க."

புது டிஸ்க் வந்துவிட்டது. அவள் அலமாரியில் வைத்திருக்கிறாள், அவன் அந்தப் பக்கம் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் போகத்தான் செய்தான். முதல் லாரியில் இரண்டாவது பெட்டியைத் தூக்கும்போதே அவன் வலது கை தாங்காமல் தொங்கிவிட்டது. பின்வாசல்காரர் பெட்டியைத் தாங்கிப் பிடித்து, போய்ப் படு தம்பி என்று அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பெல்ட்டை இறுக்கிக்கொண்டு தனியாகவே எல்லாவற்றையும் இறக்கியிருக்கிறார்.

தோள் இன்னும் ஆறவில்லை. அந்த மனிதருக்கு இரண்டு லாரிச் சுமை பாக்கி.