கையாட்டிப் போன வண்டிகள்

செயற்கைப் பல் செய்கிற கூடத்தில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். பல் செய்கிற அக்கா. யாரோ விளையாட்டாகக் கூப்பிட்டது அப்படியே ஒட்டிக்கொண்டது. பல்லக்கில் போகிறவள் மாதிரி இருக்கிறதே என்று அவளும் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். நாற்பத்து மூன்று வயது. வாரத்தில் ஆறு நாள் கழுத்தை மடக்கி உட்கார்ந்து, மெல்லிய தூரிகையால் பீங்கான் பொடியைக் குழைத்துப் பூசிப் பூசி ஒரு பல்லை எழுப்புவாள். யாருடைய வாய்க்குப் போகிறது என்று தெரியாது. தட்டில் எண் மட்டும் இருக்கும். கண்ணுக்கு ஒரு சாண் தள்ளி இருப்பதைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாத வேலை.

ஏழாம் நாள் அவள் ரயில் பார்க்கப் போவாள்.

ஒரு நாள் பேருந்து கிடைக்காமல் தண்டவாளத்து ஓரமாக நடந்து வந்தபோது ஒரு சரக்கு வண்டி கடந்து போனது. கடைசிப் பெட்டி மறைகிற வரை நின்றாள். அவ்வளவு பெரிய ஒன்று, அவளிடம் எதுவும் கேட்காமல் போனது. அடுத்த மாதம் ஒரு பழைய கேமரா வாங்கினாள். எந்த வண்டி எத்தனை மணிக்கு, எந்த எஞ்சின் எந்தக் கொட்டகையைச் சேர்ந்தது, எந்த ஓட்டுநர் சத்தமாக ஊதுவார், எவர் மெல்ல ஊதுவார் என்பதெல்லாம் மூன்று வருடத்தில் மனப்பாடம்.

அம்மா போன பிறகு அவள் இருப்பது அண்ணன் வீட்டில். அண்ணனும் அண்ணியும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் சிக்கல். கெட்டவர்களாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். ஒரு முறை அவளுடைய படங்களை அண்ணி கணினியில் பார்த்துவிட்டாள்.

"ரயிலையா போய்ப் படம் பிடிக்கிற? அதுல ஏறி எங்கயாவது போனாலும் ஒரு அர்த்தம் இருக்கு" என்று சிரித்தவள், ராத்திரி அண்ணனிடம் வேறு குரலில் பேசினாள். மறுநாள் அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "தண்டவாளத்துப் பக்கம் தனியா நிக்காத. நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

அந்த நாலு பேரை அவள் வாழ்க்கை முழுவதும் சந்தித்ததில்லை. ஆனாலும் அவர்களுக்குப் பயந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்தில் கூடுதல் வேலை இருக்கிறது என்று ஒரு பொய் சொன்னாள். பொய்யை நிறுத்தி வைக்க முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. அண்ணி மணிக்கொரு முறை கூப்பிடுவாள். ஒரு முறை பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் எஞ்சின் ஊதிவிட்டது. அதிலிருந்து கூடத்தின் சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள். காலையில் போய்க் கதவைத் திறந்து, தன் மேசை இழுப்பறையில் போனைப் போட்டுவிட்டுக் கிளம்புவாள். எடுக்கவில்லையே என்று கேட்டால், பல்லைச் சுடுகிற உலை ஓடுகிற சத்தத்தில் கேட்கவில்லை என்பாள். அண்ணியும் நம்பினாள்.

ஊருக்கு வெளியே தண்டவாளம் பெரிய வளைவாகத் திரும்புகிற இடத்தில் கைவிடப்பட்ட சிக்னல் கூண்டு ஒன்று இருந்தது. கீழே பூட்டிய அறை, மேலே நான்கு பக்கமும் சன்னல் வைத்த அறை, ஏறுவதற்கு வெளிப்புறச் சுவரோடு ஓர் இரும்புப் படிக்கட்டு. அவள் எப்போதும் அதன் அடியில்தான் நிற்பாள். ஒன்பது இருபதுக்கு வரும் நிலக்கரி வண்டிக்கு ஐம்பத்தெட்டுப் பெட்டிகள். கீழேயிருந்து எடுத்தால் பாதிதான் விழும். தலையிலிருந்து வால் வரை மொத்தமும் ஒரே படத்தில் விழ வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அந்த ஞாயிற்றுக்கிழமை படியில் ஏறிவிட்டாள். ஏறும்போது அது லேசாக ஆடியது. ஆடட்டும் என்று நினைத்தாள்.

வண்டி வந்தது. ஆனால் வெயில் எதிரே இருந்தது, படம் வெளிறிப் போய்விட்டது. இறங்கிப் போய் வேறு இடம் பார்க்கலாம் என்று இரண்டாவது படியில் காலை வைத்ததும் சுவரில் ஏதோ பிடுங்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது. எப்படித் திரும்பினாள், எப்படி வாசல் கட்டையைப் பிடித்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. வயிறு கட்டையில் அழுந்தக் கிடந்தபோது, படிக்கட்டு தன் பாட்டுக்கு மெதுவாகச் சாய்ந்து, கீழே குவித்திருந்த பழைய தண்டவாளத் துண்டுகளின் மேல் விழுந்தது.

உள்ளே ஊர்ந்து வந்து உட்கார்ந்தாள். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தோல் வழன்று ரத்தம் வந்துகொண்டிருந்தது. பையிலிருந்து துப்பட்டாவை எடுத்துச் சுற்றிக் கட்டினாள். அரக்குச் சிவப்புத் துப்பட்டா. தண்டவாளத்துப் பக்கம் சிவப்பு தெரியக் கூடாது என்று வந்ததுமே கழற்றிச் சுருட்டி வைத்திருந்தாள்.

பிறகு எட்டிப் பார்த்தாள். இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல். அடியில் இரும்பும் கருங்கல்லும். குதித்தால் கால் போகும். சன்னல்கள் எல்லாவற்றிலும் கம்பி. தரைப் பலகையில் பழைய நெம்புகோல்கள் இருந்த துளைகளில் கைதான் நுழையும். அறையை ஆறு முறை சுற்றி வந்தாள். நீளவாக்கில் எட்டுத் தப்படி, அகலவாக்கில் ஐந்து.

போன் கூடத்து இழுப்பறையில் கிடந்தது. தேள் கொட்டிய திருடன் நிலைமை. கத்தினால் அகப்பட்டுக்கொள்வாள், கத்தாவிட்டால் விஷம் ஏறும். அண்ணி கூப்பிடுவாள், உலை ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வாள். இருட்டுகிற வரை தன்னை யாரும் தேடப்போவதில்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. தேடினாலும் இங்கே தேடமாட்டார்கள். மூன்று வருடமாக அவளே பார்த்துப் பார்த்து அடைத்துவைத்த வழிகள்.

பத்து ஐந்துக்குப் பயணிகள் வண்டி. வாசலில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். ஓட்டுநர் அவளைப் பார்த்தார். சிரித்தார். கையை வெளியே நீட்டி ஆட்டிவிட்டு, நீளமாக ஒரு முறை ஊதினார். பின்னால் பெட்டி பெட்டியாகக் கைகள் முளைத்தன. ஒரு பெண் தன் குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள். யாரோ அவளைப் படம் எடுத்தார்கள்.

"ஏணி!" என்று சொன்னாள். அது சொன்னதுதான், கத்தியது இல்லை. கத்துவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. நாற்பத்து மூன்று வருடத்தில் பக்கத்து அறைக்குக் கேட்கும்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. வண்டி போன பிறகு, ஆளில்லாத தண்டவாளத்தைப் பார்த்து ஒத்திகை பார்த்தாள். "காப்பாத்துங்க!" குரல் உடைந்து, வேறு யாருடையதோ போல வந்தது. அவளுக்கே வெட்கமாக இருந்தது.

பதினொன்றரைக்கு எண்ணெய் வண்டி. கத்தினாள், குதித்தாள், கீழே கிடக்கும் படிக்கட்டைக் காட்டினாள். அவளுக்கு நன்றாகத் தெரிந்த பெரிய மீசை ஓட்டுநர். ஒவ்வொரு வாரமும் அவள் கேமராவுக்காக மீசையைத் தடவிக் காட்டுகிறவர். இன்றும் தடவிக் காட்டினார். ஊதினார். போய்விட்டார்.

அவள் அழுதாள். இந்த மூன்று வருடமும் அந்த ஊதலுக்காகத்தான் வந்துகொண்டிருந்தாள். உலகத்தில் தன்னைப் பார்த்ததும் சந்தோஷமாகச் சத்தம் போடுகிறவர்கள் இவர்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்தாள்.

வெயில் ஏறியது. தகரக் கூரை காய்ந்து சடசடத்தது. தண்ணீர்ப் பாட்டிலில் இரண்டு வாய் இருந்தது. ஒரு வாய் குடித்தாள். ஒரு மணிக்கு விரைவு வண்டி வரும். அப்போதுதான் காலில் கட்டியிருந்த துப்பட்டாவைப் பார்த்தாள். சிவப்பை ஆட்டினால் எந்த ஓட்டுநரும் நிறுத்துவார். அது கையாட்டு இல்லை, கட்டளை. அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டாள். காய்ந்த ரத்தத்தோடு தோலும் கொஞ்சம் வந்தது.

விரைவு வண்டி வளைவில் தெரிந்தது. அதற்குள் ஆயிரம் பேராவது இருப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், வேலைக்குச் சேரப் போகிறவர்கள். அந்த வேகத்தில் திடீரென்று பிரேக் போட்டால் யார் எங்கே விழுவார்களோ. என் ஒருத்திக்காகவா? துப்பட்டாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். வண்டி கட்டடத்தையே உலுக்கிவிட்டுப் போனது. ஓட்டுநர் கையாட்டினார். பழக்கதோஷம், அவளும் ஆட்டினாள்.

ஆட்டிய கையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் மகளுக்குப் பரீட்சை என்று தன் அறையை விட்டுக் கொடுத்து, துணி தேய்க்கிற மேசைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்ட வருடம் நினைவுக்கு வந்தது. பரீட்சை முடிந்து இரண்டு வருடமாகிவிட்டது. அறையைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இப்போதுதான் தோன்றியது.

மூன்று நாற்பதுக்கு நிலக்கரி வண்டி காலிப் பெட்டிகளோடு திரும்பி வந்தது. எழுந்து நின்றாள். கால் மரத்துப் போயிருந்தது. துப்பட்டாவை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, தோள் கழன்றுவிடும்போல ஆட்டினாள். கூடவே கத்தினாள். இந்த முறை வெட்கம் வரவில்லை.

ஊதல் வந்தது. நீளமாக அல்ல, துண்டு துண்டாக. பிறகு சக்கரங்கள் கிறீச்சிட்டன. பெட்டிக்குப் பெட்டி இடித்துக்கொள்ளும் சத்தம் வளைவு முழுவதும் ஓடி, வால் வரை போய் அடங்கியது. எஞ்சின் கூண்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றது. ஐம்பத்தெட்டுப் பெட்டிகளும் நின்றன. அவளுக்காக எதுவும் இதுவரை நின்றதில்லை. துப்பட்டாவைக் கீழே இறக்க மறந்து நின்றாள். பயமா என்று யோசித்தாள். பயம் மட்டும் இல்லை.

எஞ்சினிலிருந்து உதவி ஓட்டுநர் குதித்து ஓடி வந்தான். "என்னாச்சு? தண்டவாளம் உடைஞ்சிருக்கா?"

"இல்ல தம்பி. படி உடைஞ்சிருச்சு. காலையிலேர்ந்து இங்கயே மாட்டிக்கிட்டேன்."

அவன் விழுந்து கிடந்த படிக்கட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "கேமரா அம்மாதானே நீங்க? காலையில பத்து மணி வண்டிக்காரர்கூட சொன்னாரே, இன்னைக்கு அம்மா மேல ஏறி நின்னு பிரமாதமா கையாட்டினாங்கன்னு!"

"உதவிக்குக் கூப்பிட்டேன்பா."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஐயையோ. எங்களுக்கு எப்படிம்மா தெரியும்? நீங்க எப்பவும் ஆட்டுறதுதானே!"

கம்பியில்லாப் பேசியில் நிலையத்துக்குச் சொன்னார்கள். வண்டி அங்கே நிற்க முடியாது, பின்னால் வேறு வண்டி வருகிறது. அவன் தண்ணீர்ப் பாட்டிலை மேலே எறிந்தான். இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை அவள் பிடித்தாள். "ஏணி வருது. பயப்படாதீங்க. கீழ மட்டும் குதிச்சிராதீங்க!"

அவன் ஓடிப் போய் ஏறுவதற்குள் அவளுக்கு உறைத்தது. வெயில் இப்போது அவள் முதுகுப் பக்கம். வளைவு முழுவதும் வண்டி அசையாமல் படுத்திருந்தது, வால் வரை. கேமராவை எடுத்தாள். எஞ்சின் ஏணிப்படியில் ஒரு கால் வைத்திருந்த உதவி ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "அடப் போங்கம்மா!" என்று அங்கிருந்தே சிரித்தான்.

முக்கால் மணி நேரத்தில் தண்டவாளப் பராமரிப்பு ஆட்கள் ஏணியோடு வந்தார்கள். இறக்கி, கட்டுப்போட்டு, நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். நிலைய அதிகாரி வழுக்கைத் தலையர், அதிகம் பேசாதவர். கேமராவை வாங்கிப் பார்த்தார். கடைசிப் படத்தில் வெகுநேரம் நின்றார்.

"முழு வண்டியும் விழுந்திருக்கே" என்றார். பிறகு கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு தாளை முன்னால் நகர்த்தினார். "இனிமே ரயில்வே எல்லைக்குள்ள அனுமதியில்லாம வரமாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. வழக்குப் போடாம விடுறேன். என்னால ஆனது அதுதான்."

எழுதினாள்.

"வீட்டுல யாருக்குச் சொல்லணும்?"

அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றே ஒன்றுதான்.

அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணி அவள் காலைப் பார்த்ததும் அழுதாள். போன் எங்கே என்று அண்ணன் காரை ஓட்டிக்கொண்டே கேட்டார், சொன்னாள். கூடத்தின் முன்னால் நிறுத்தி, அவளிடம் சாவியை வாங்கி, தானே உள்ளே போய் இழுப்பறையிலிருந்து போனை எடுத்துவந்து அவள் கையில் வைத்தார். பதினேழு அழைப்புகள்.

"எங்ககிட்ட சொல்லியிருந்தா நாங்க வேண்டாம்னா சொல்லியிருப்போம்?" என்றாள் அண்ணி.

"சொல்லியிருப்பீங்க அண்ணி."

அண்ணன்தான் காரைக் கிளப்பிக்கொண்டே பேசினார். "சரி, விடு. இனிமே ஞாயித்துக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன். நிலையத்துல, நடைமேடையில உட்கார்ந்து பாரு. பாதுகாப்பா இருக்கும்."

அவர் சொன்ன சொல் தவறுகிறவர் இல்லை. காயம் ஆறியதும் கூட்டிப்போனார். நடைமேடைச் சீட்டு வாங்கினார், நிழலான பெஞ்சைத் தேடினார், அவள் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொரு வண்டிக்கும், "இது நல்லா இருக்கா? எடுத்துட்டியா?" என்று கேட்டார். இரண்டாவது வண்டிக்குப் பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். வண்டிகள் மெதுவாக வந்து நின்றன. ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். ஊதலெல்லாம் கூட்டத்துக்குத்தான். எந்த ஓட்டுநரும் அவளைத் தேடவில்லை. பெட்டிகளுக்குள் இருந்தவர்களைவிடத் தான்தான் அடைபட்டிருப்பதாக அவளுக்குப் பட்டது. அந்த எட்டுக்கு ஐந்து அறையிலாவது கத்த முடிந்தது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். "அண்ணா, நீங்க வீட்டுக்குப் போங்க. நான் பஸ்ல வந்துடுறேன்."

"தனியா என்ன பண்ணப் போற?"

"ஒண்ணும் பண்ணல. தனியா நிக்கப் போறேன். அப்புறம், என் ரூம் எனக்கு வேணும்ணா. பரீட்சை முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவளுடைய குரல் அவ்வளவு சத்தமாக இருந்து அவர் கேட்டதில்லை. பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். நாலு பேர்தான்.

"ரூம் விஷயம் உங்க அண்ணிகிட்ட பேசுறேன்" என்றார். "வீட்டுக்கெல்லாம் போக முடியாது. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்றது?"

ஆனாலும் எழுந்தார். அவள் பையைப் பெஞ்சில் வைத்தார். நடைமேடையில் தண்ணீர்க் குழாய் வரை போனார், திரும்பிப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் அங்கிருந்த வேறொரு பெஞ்சில் உட்கார்ந்து, அவளைப் பார்க்காதது மாதிரி செய்தித்தாளை விரித்தார்.

அங்கே நிற்காமல் போகிற ஒரு வண்டிக்கான அறிவிப்பு வந்தது. அவள் கேமராவை எடுத்துக்கொண்டு நடைமேடையின் மறுகோடிக்கு நடந்தாள். முதுகில் அவருடைய பார்வை இருந்தது. அது இருக்கட்டும் என்று, கோடி வரைக்கும் போனாள்.