அலமாரியில் ஒரு முறுக்குப் பாக்கெட்

ஜெயபிரகாஷ் எழுந்தான். கம்பளியை மடித்து வைத்தான். வெந்நீர் போட்டுக் குளித்தான். பால் இல்லாத காப்பியை நின்றபடியே குடித்தான். சமையலறை அலமாரியை ஈரத் துணியால் துடைத்தான். அங்கிருந்த முறுக்குப் பாக்கெட்டைத் தூக்கி, அடியில் துடைத்து, அதே இடத்தில் வைத்தான். ஸ்வெட்டரை மாட்டினான். எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் ரைட்டர் அவன். நேரத்துக்குப் போயாக வேண்டும்.

மனைவி சசிகலா இருந்தபோதும் காலை இப்படித்தான் போகும். அலமாரியைத் துடைப்பது மட்டும் அவள் வேலையாக இருந்தது.

அந்தப் பாக்கெட் அவள் கடைசியாகச் சுட்ட சாமை மிளகு முறுக்கு. அவர்கள் ஊரான மஞ்சக்குட்டையில் அவளும் அக்கம்பக்கத்துக் கவிதாவும் குப்பாயியும் சேர்ந்து அந்தத் தொழிலை ஆரம்பித்தார்கள். ஒண்டிக்கடை என்ற இடத்தில் பெண்களுக்கு நடந்த தொழில் பயிற்சிக்கும் சேர்ந்தே போனார்கள். சேலத்திலிருந்து வந்த சௌமியா மேடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். சுட்டதில் ஒரு பாக்கெட்டை ஒட்டித் தனியே வையுங்கள், மூன்று மாதம் கழித்துப் பிரித்துத் தின்று பாருங்கள், நன்றாக இருந்தால்தான் லேபிளில் அந்தத் தேதியைப் போடலாம். மூன்று பேரும் ஆளுக்கொன்று எடுத்து வைத்தார்கள்.

சசிகலா மெழுகுவத்தித் தீயில் பாக்கெட்டின் வாயை ஒட்டி அலமாரியில் வைத்தாள். அன்றைக்கே, தேதிக்கு இடம் விட்டு லேபிள் அடிக்கக் கொடுத்து வர ஜீப் ஏறினாள். ஒரு வளைவில் ஜீப் கவிழ்ந்தது. மற்றவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

அவன் ஆபீசுக்குக் கிளம்பியபோது வாசலில் கவிதா நின்றாள். பின்னால் குப்பாயி, மூச்சு வாங்கியபடி.

"ஏனுங்கண்ணா, இன்னிக்குத்தானுங்க அதைப் பிரிக்கோணும்," என்றாள் கவிதா. "மூணு மாசத் தேதி இருந்தாத்தான் நம்ம முறுக்கை எடுப்பேங்கறாருங்க லாட்ஜ்காரரு. சாயங்காலம் மேடத்துக்கிட்டச் சொல்லோணுங்க."

"புதுசா ஒண்ணு சுட்டு வைங்க."

"அது இன்னும் மூணு மாசமுங்களே. அதுவரைக்கும் அவரு நமக்காகக் காத்திருப்பாருங்களா?"

"உங்க ஊட்ல வெச்சது என்னாச்சு?"

குப்பாயி முந்திக்கொண்டாள். "இவ ஊட்ல வெச்சது ஒரு வாரம் தாங்கலை சாமி. பசங்க தின்னாங்கன்னு சொல்றா. வாயைத் தொடச்சுக்கிட்டே சொல்றா."

"உங்க பாக்கெட்டை மட்டும் எலியா தூக்கிட்டுப் போச்சு? பேரனுக்குக் குடுத்தது ஆருங்க?"

இருவரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார்கள்.

"அதைத் தர முடியாது," என்றான்.

குப்பாயி உள்ளே எட்டி அலமாரியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "சரி, வேண்டாம் கண்ணு. அது அங்கயே இருக்கட்டும். சசி கைப் பக்குவம் கெட்டா போயிரும்? மூணு மாசம்னே போட்டுக்கலாம்."

"நீங்க நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்கண்ணா," என்றாள் கவிதா. "மேடம் கேட்டா, அண்ணன் தின்னு பாத்தாருன்னு சொல்லிக்கறோம்."

சொல்வது சுலபம். பாக்கெட் இருந்த இடத்திலேயே இருக்கும். இவர்களுக்கு லாட்ஜ் ஆர்டர் கிடைக்கும். யாருக்கும் தெரியப்போவதில்லை.

அவன் அலமாரி அருகே போனான். பாக்கெட்டை எடுத்தான். அவள் ஒட்டிய வாய் கொஞ்சம் கோணலாக இருந்தது. அதைத் தொடாமல் கத்தரிக்கோலால் பக்கவாட்டில் வெட்டினான். ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தான்.

மொறுமொறுப்பு கொஞ்சமும் குறையவில்லை. மிளகு காரமாக ஏறியது. விழுங்கப்போகும்போதுதான் அடிநாக்கில் பழைய எண்ணெய் நாற்றம் நின்றது. அவள் கையால் செய்தது. துப்ப மனம் வரவில்லை. விழுங்கினான்.

இருவரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சிக்கு வாடை அடிக்குதுங்க," என்றான். "மூணு மாசம் தாங்காது."

கவிதா நம்பாமல் ஒன்றை எடுத்துக் கடித்தாள். மென்றபடி வெளியே பனிமூட்டத்தைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "போச்சுங்க ஆர்டரு," என்றாள்.

"ஒரு மாசம்னு போட்டாலும் எடுக்க மாட்டானாக்கும்?" என்றாள் குப்பாயி.

"எடுக்க மாட்டாரு," என்றாள் கவிதா.

குப்பாயி அவன் கையிலிருந்த பாக்கெட்டைப் பார்த்தாள். "நல்லாருக்குன்னு சொல்லியிருந்தீன்னா நாங்க தின்னே பாத்திருக்க மாட்டோமே சாமி."

அவன் பாக்கெட்டின் வெட்டிய பக்கத்தை மடித்தான். சசிகலா எதைச் செய்து கொடுத்தாலும் நல்லாருக்கு என்று சொல்லியே பழகியவன் அவன். அது அவளுக்கும் தெரியும். அன்று ஜீப்பில் ஒரு காலை வைத்துவிட்டு அவள் திரும்பினாள்.

"ஏனுங்க, நாள் வந்து பிரிக்கறப்ப எனக்காக நல்லாருக்குன்னு சொல்லிராதீங்க. அதை ஆரோ ஊட்ல கொழந்தைங்க தின்னப்போவுது."